அந்தப் புள்ளை கைய எனக்கு வாடகைக்குக் குடு மாப்ளே

வா மாப்ளே. செருப்பை அக்கட்டால உட்டுட்டு இப்படிக் கட்டில்ல உக்காரு. கோப்பைய நடுவுல வை, போறவன் வர்றவன் பாக்கட்டும். குறுவட்டப் போட்டியில உன் பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க சாஃப்ட்பால்ல முதல் இடமாமே? இளம்பிள்ளை பூரா இதே பேச்சு. ஒரே நாள்ல மூணு மேட்ச்சு, மூணுலயும் ஒரே புள்ளைதான் பிட்சிங்காமே? மூணாவது மேட்ச்சுல அந்தப் புள்ளை தண்ணி பாட்டிலை இடது கையில எடுத்துக் குடிச்சுதாம். நீ பாக்கலை. நீ ஸ்கோர் நோட்டைப் பாத்துக்கிட்டு இருந்த. வேலியோரமா முறுக்கு வித்துக்கிட்டு இருந்த கெழவி பாத்திருக்கா. சோத்துக்கை இருக்கறப்ப இந்தப் புள்ளை எதுக்கு அந்தக் கையில குடிக்குதுன்னு எங்கிட்ட வந்து கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல? ஜெயிச்ச சந்தோசத்துல கை மறந்திருக்கும் ஆத்தான்னு சொல்லி அனுப்பிச்சேன்.

சும்மா சொல்லக் கூடாது, நீ கெட்டிக்காரன். ஒம்பது பேர் ஆடுற ஆட்டத்துல ஒருத்தியோட தோள்பட்டைய மட்டும் வச்சு ஜெயிக்கக் கத்துக்கிட்டே. மிச்ச எட்டுப் பேரும் காத்தாட நின்னுட்டு வந்தாப் போதும். அதனாலதான் கேக்குறேன், அந்தக் கைய எனக்கு வாடகைக்குக் குடு. தைலம் தேச்சுப் பத்திரமா வச்சிருந்து, வருவாய் மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் பொழுதோட திருப்பித் தந்துடுறேன். உங்கிட்டயே இருந்தா அதுவரைக்கும் தாங்காது.

கோவிச்சுக்காத. ஒரு கதை கேளு. நம்ம ஊர்ல ஒருத்தர் இருந்தாரு, பேரு வேண்டாம், அவரு மகன் இப்பப் பெரிய ஆளு. எட்டுத் தறி போட்டிருந்தாரு. அதுல மூணாவது தறி தங்கம். நூல் அறாது, கரை பிசகாது. அவசர ஆர்டர் வந்தா அதுல பாவு ஏத்துவாரு. அவசரமில்லாத ஆர்டர் வந்தாலும் அதுலதான் ஏத்துவாரு. மத்த ஏழும் சாக்கைப் போத்திக்கிட்டுக் கெடந்துச்சு, எண்ணெய் கூடக் காட்டலை. தீபாவளிக்கு முன்னாடி மூணாவது தறி படுத்துக்கிச்சு. சரி, மத்ததுல ஓட்டலாம்னு சாக்கை எடுத்தா, ஒண்ணுல நாடா சிக்குது, இன்னொண்ணுல பலகை அசைய மாட்டேங்குது. அந்த வருசம் வியாபாரிக்குச் சேலை போவலை, சாக்குதான் போச்சு. உன் டீம்ல எத்தனை பொண்ணுங்க மாப்ளே? பதினஞ்சா? சரி, சரி. மத்த பதினாலு மேலயும் என்ன போத்தி வச்சிருக்கேன்னு கேட்டேன், அவ்வளவுதான்.

என்ன சொல்றே? "மாமா, உங்களுக்கு ஆட்டம் தெரியாதுங். இது கிரிக்கெட் மாதிரி கைய மேல தூக்கிப் போடுறது இல்லீங். கீழ இருந்து போடுறதுங். தோளுக்கு ஒண்ணும் ஆவாதுங்." அப்படியா? எனக்கென்னப்பா தெரியும், நான் சேலை மடிச்சவன். ஆனா என் பேத்தி ஒருத்தி பிசியோதெரபி படிக்குது பாரு, அது செல்போனை நோண்டி எனக்குப் படிச்சுக் காட்டுச்சு. 1996ல அட்லாண்டா ஒலிம்பிக்ல பிட்ச் பண்ணுன பொம்பளைங்களை அமெரிக்காக்காரங்க படம் புடிச்சு அளந்திருக்காங்க. காத்தாடி கணக்கா கை சுத்தி வர்ற அந்த ஒரு சுத்துல, தோளைக் குழியில இருந்து வெளிய இழுக்கிற விசை அவங்க ஒடம்பு எடையில எம்பது சதவீதமாம். "அப்பிச்சி, மேல இருந்து வீசுறவங்களுக்கு இருக்கற சுமைக்கு இது ஒண்ணும் குறைஞ்சதில்ல"ன்னு சொல்லுது. அவங்க வளந்த பொம்பளைங்க, தின்னு தேறுன ஒடம்பு. உன் புள்ளை எட்டாவது. நாப்பது கிலோ இருக்குமா? எலும்பு நுனியில வளர்ற எடம் இன்னும் குருத்தாவே இருக்கற வயசு. இதைச் சொன்னா, உனக்கு ஆட்டம் தெரியாதுங்கறே. சரி, தெரியாது.

அப்பறம் அந்தப் பந்து. நானும் கையில வாங்கிப் பாத்தேன், சுத்தளவு 12 அங்குலம். கிரிக்கெட் பந்து 156லேர்ந்து 163 கிராம். இது 178லேர்ந்து 198 கிராம். அந்தப் புள்ளையோட உள்ளங்கையில முக்கால் பந்து வெளியிலதான் நிக்குது. அதைப் புடிச்சு, சுழட்டி, பெரிய பொம்பளைங்க ஆட்டத்துக்குன்னா 43 அடி தூரத்துக்கு, முட்டிக்கும் நெஞ்சுக்கும் நடுவுல அனுப்பணும். ஒரு தடவை இல்லை. எத்தனை தடவைன்னு உனக்குத் தெரியுமா? தெரியாது. ஏன்னா நீ ரன்னை எண்ணுனே, பந்தை எண்ணலை.

நான் எண்ணிச் சொல்றேன். ஒரு இன்னிங்ஸுக்குப் பதினஞ்சு பந்துன்னு கம்மியாவே வச்சுக்குவோம். ஏழு இன்னிங்ஸுக்கு 105. மூணு மேட்ச்சும் முழுசா ஏழு இன்னிங்ஸ் போச்சுன்னு நீதான் பெருமையாச் சொன்னே. அப்ப 315. இது மேட்ச்சுல போட்டது மட்டும். மேட்ச்சுக்கு முன்னாடி நீ நிக்க வச்சு வாங்குனது தனி.

இப்ப ஒரு பொம்பளை கதை. ஜப்பான்காரி, உவேனோ யுகிகோ. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல ஆகஸ்ட் 20ஆம் தேதி ஒரே நாள்ல ரெண்டு மேட்ச்சு போட்டா. வெடியால அமெரிக்காவோட ஒம்பது இன்னிங்ஸ், தோத்தாங்க. அன்னிக்கே ஆஸ்திரேலியாவோட பன்னெண்டு இன்னிங்ஸ், ஜெயிச்சாங்க. ஒரு நாள்ல 318 பந்து. மறுநாள் பைனல்ல இன்னும் 95. ரெண்டு நாள்ல 413 பந்து போட்டு, அமெரிக்காவை 3-1ன்னு சாச்சுத் தங்கம் வாங்கிட்டா. ஜப்பான்ல இன்னிக்கும் 413ன்னு சொன்னா அவ மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வருமாம்.

சிரிக்கிறே பாரு. "அப்ப நான் செஞ்சது சரிதானுங்களே மாமா"ன்னு வாயில வருது. வரட்டும், முழுங்காத. உன் புள்ளைக்கும் அவளுக்கும் ஒரு நாள் கணக்குல மூணே மூணு பந்துதான் வித்தியாசம். வயசுலதான் கொஞ்சம் கூடக்கொறைய. அவளுக்கு 26, இதுக்கு 13. அவ ஆடுனது ஒலிம்பிக் தங்கத்துக்கு. இது ஆடுனது குறுவட்டத்துல கொடுத்த இந்தப் பித்தளைக் கிண்ணத்துக்கு. உள்ள என்ன போட்டிருக்காங்க, எங்க காட்டு... ஒண்ணுமில்லை.

கதை இன்னும் முடியலை, உக்காரு. 2008க்கு அப்பறம் ஒலிம்பிக்ல இருந்து சாஃப்ட்பாலைத் தூக்கிட்டாங்க. டோக்கியோவுலதான் திரும்பக் கொண்டுவந்தாங்க. 2021 ஜூலை 27, மறுபடியும் பைனல், மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் அதே உவேனோ. வயசு 39. இந்தத் தடவை அவங்க பயிற்சியாளர் உட்சுகி ரெய்கா என்ன பண்ணுனாங்க தெரியுமா? ஆறாவது இன்னிங்ஸ்ல உவேனோவ வெளிய எடுத்துட்டு, கோதோ மியுன்னு ஒரு புள்ளையக் கொண்டுவந்து நிறுத்துனாங்க. இடது கைக்காரி, இருவது வயசு. அது அந்த இன்னிங்ஸைப் போட்டு முடிச்சுது. ஏழாவதுக்கு உவேனோ திரும்ப உள்ள வந்து முடிச்சு வச்சா. 2-0, தங்கம். பதிமூணு வருசத்துல அந்த நாட்டுக்காரங்க இன்னொரு கைய வளத்துட்டாங்க மாப்ளே. முத தடவ ஒரே கையில ஜெயிச்சவங்களே அந்த வேலையப் பண்ணியிருக்காங்க. நீ குறுவட்டத்தைத்தான் தாண்டியிருக்கே.

அதுல ஒரு விதி இருக்கு கவனிச்சியா? உனக்குத் தெரியாம இருக்காது, விளையாட்டு வாத்தியாராச்சே. ஆட்டம் தொடங்கறப்ப பேரு குடுத்த ஆளு வெளிய போனா ஒரு தடவை திரும்ப உள்ள வரலாம். கிரிக்கெட்ல இது நடக்குமா? வெளிய போறது கூட வேண்டாம், பிட்சிங்லேர்ந்து எடுத்து முதல் பேஸ்ல நிறுத்தி வச்சு, தேவைப்பட்டாத் திரும்பக் கூப்புட்டுக்கலாம். இந்த ஆட்டத்தைக் கண்டுபுடிச்சவன் உன்னய நினைச்சுத்தான் இவ்வளவு வழி வச்சிருக்கான். நீ எந்த வழியிலயும் போவ மாட்டேன்னு நடுமைதானத்துல நிக்கறே.

அப்பறம், ரன் வித்தியாசம் பெருசாப் போனா பாதியிலயே ஆட்டத்தை முடிக்கிற விதி ஒண்ணு இருக்கு. வெளிநாட்டு ஆட்டத்துல அஞ்சு இன்னிங்ஸ் முடிஞ்சப்ப ஏழு ரன் முன்னால இருந்தாப் போதும். உன் போட்டியில அதை யாரும் பாக்கலை போல. உன் முதல் மேட்ச்சு யார்கூட? அந்த டீமுக்குப் போன வருசம் வரைக்கும் கிளவுஸே கிடையாது. அவங்களைத் தோக்கடிக்கவும் இதே புள்ளைதான் வேணுமா? மூணாவது இன்னிங்ஸ்லயே பத்து ரன் முன்னால இருந்தியாமே. அப்பவே இன்னொரு புள்ளையக் கூப்புட்டு, "போ கண்ணு, நாலு பந்து போட்டுப் பழகு"ன்னா என்ன குறைஞ்சிருக்கும்? பந்து தப்பிப் போயி நாலு பேரு சும்மாவே பேஸுக்கு நடந்து போயிருப்பாங்க. போவட்டுமே, அவங்களும் வெயில்ல வந்திருக்காங்க. மேட்ச்சுல நடுங்காத பிட்சர் எவளும் கிடையாது. எப்ப நடுங்கறாங்கறதுதான் பேச்சு. தோக்காத மேட்ச்சுல நடுங்கட்டும், பைனல்ல நின்னுக்குவா. நீ என்ன பண்றே? இருக்கறதிலேயே எளுப்பமான மேட்ச்சுக்குப் பெரிய புள்ளை, பைனல்ல கை ஓய்ஞ்சு பேஸ் மூணும் நிறைஞ்சு நிக்கறப்பத்தான் இன்னொரு புள்ளையப் பாத்து "நீ போ". அது போவ மாட்டேன்னு அழுதுச்சாம்ல. அழாம என்ன பண்ணும்?

சரி, வார்ம் அப்புக்கு வருவோம். இதுலதான் உன்னய யாரும் அடிச்சுக்க முடியாது. நீ செய்யறதை அப்படியே சொல்றேன், தப்புன்னா நிறுத்து. டெம்போ மைதானத்துல நிக்குது. புள்ளைங்க குதிக்குதுங்க. ஒரு மணி நேரம் மடிச்சு வச்ச காலு, குனிஞ்ச முதுகு. நீ ஒடனே அந்தப் புள்ளையக் கூப்புட்டு எதிர் டீம் பாக்கற எடத்துல நிறுத்தறே. முழு தூரம், முழு வேகம், கேட்சர் கிளவுஸ்ல "டப்பு டப்பு"ன்னு சத்தம் வரணும். எதிராளி வாத்தியார் திரும்பிப் பாக்கணும். அவர் பாக்கறாரு. நீ பாக்காத மாதிரி நிக்கறே. அவரு இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்னு "இன்னும் பத்துப் போடு கண்ணு" அப்படிங்கறே. எழுவது எம்பது பந்து அங்கயே போயிருது. அப்பறம் டாஸ். டாஸ்ல உனக்கு முதல்ல பேட்டிங். அந்தப் புள்ளை வேர்த்த சட்டையோட வேப்பமரத்தடியில அரை மணி நேரம் உக்காந்து ஆறிப் போவுது. நம்ம பேட்டிங் முடிஞ்சதும் எந்திரிச்சுப் போய், அம்பயர் குடுக்கற ஒரு நிமிசத்துல விரல்விட்டு எண்ணுற பந்தைப் போட்டுட்டு மேட்ச்சை ஆரம்பிக்குது. எதிராளிய பயமுறுத்தறதுக்குப் போட்ட எம்பது பந்தும் எதிராளிக்கு இலவச சினிமாவாப் போச்சு. எந்தப் பந்து எப்படி வரும்னு அவங்க பேட்டிங் புள்ளைங்க உக்காந்து பாத்துப் படிச்சுட்டாங்க.

பேத்தி சொல்றது வேற. அதையும் கேட்டுக்க, கேக்கறதுக்குக் காசா பணமா? அம்பயர் "பிளே பால்" சொல்ற நேரத்துலேர்ந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வரணுமாம். ஒம்பதரைக்கு மேட்ச்சுன்னா ஒம்பது மணிக்குக் கொஞ்சம் முன்னாடி எல்லாப் புள்ளைங்களும் மெதுவா ஓடணும், வேர்வை லேசா துளிர்க்கற வரைக்கும். பந்தைத் தொடறதுக்கு முன்னாடி ஒடம்பு சூடாவணும். பந்தைப் போட்டு ஒடம்பைச் சூடாக்கறது தலைகீழ் வேலை. அப்பறம் இடுப்பைத் திருப்பறது, காலை முன்னும் பின்னும் வீசறது, தோளைச் சின்ன வட்டத்துலேர்ந்து பெரிய வட்டமாச் சுத்தறது. எதுக்குக் காலுன்னு கேப்பே. பிட்சர் பந்தைத் தள்றது காலால தாம்பா. பிட்சர் நிக்கற பலகையில ஊணி மண்ணைத் தேச்சுக்கிட்டுப் பாயற காலு ஓய்ஞ்சாத்தான் மிச்ச வேலை பூரா தோளு தலையில விழும்.

அப்பறந்தான் பந்து. கேட்சர் பத்துப் பதினஞ்சு அடியில நின்னுக்கிட்டு, வெறும் மணிக்கட்டை மட்டும் சுண்டிப் போடச் சொல்லணும். பிறகு கை பாதி வட்டம். பிறகு முழு வட்டம், ஆனாப் பாதி தூரம். அப்பறம் முழு தூரம், பாதி வேகம். வேகம் கடைசியில. வேகம் வந்த பிறகுதான் மெதுவா ஏமாத்தற பந்து, கீழ விழற பந்து, அது என்னமோ சேஞ்ச் அப்புங்கறீங்க, டிராப்புங்கறீங்க, அதெல்லாம். முழுச் சுத்து சுத்தறது மொத்தம் முப்பதைத் தாண்ட வேண்டாம்னு சொல்லுது. கடைசி நாலஞ்சு பந்துக்கு ஒரு புள்ளைய மட்டையோட நிறுத்தி வை, ஹெல்மெட் போட்டு. மேட்ச்சுக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்ப நிறுத்திடணும். டாஸ்ல முதல் பேட்டிங் கிடைச்சா, மேல ஒரு சட்டையப் போட்டு விட்டு, நடந்துக்கிட்டே இருக்கச் சொல்லு, நம்ம ரெண்டாவது ஆள் அவுட் ஆனதும் ஓரமா ஆறேழு பந்து. அவ்வளவுதான். அந்த டாஸை மட்டும் மறந்துடாத, பாதி வாத்தியாருங்க கோட்டை விடறது அங்கதான்.

ரெண்டாவது மேட்ச்சுக்கு மறுபடி முதல்லேர்ந்து அதே கூத்து வேண்டாம். கை வேலை செஞ்சிருக்கு, விறைச்சுத்தான் கெடக்கும், ஆறிப் போயிருக்காது. கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் தோள் அசைவு, பந்து முன்னதுல பாதி. இடையில நிழல்ல உக்கார வை. உக்கார வைன்னா சும்மா உக்கார வை. "கண்ணு, அந்த அவுட் பீல்டுல பந்து பொறுக்கு"ன்னு அனுப்பாத. நீர்மோர்ல உப்புப் போட்டுக் குடு, வாழைப்பழம் குடு. போன தடவ மதியத்துக்கு என்ன வாங்கிக் குடுத்தே? தட்டுவடை செட்டு! சேலத்துக்காரன் தட்டுவடை செட்டை வேண்டாம்னு சொன்னா நாக்கு அழுவிப் போயிரும், எனக்கும் தெரியும். பூண்டுச் சட்னியும் பீட்ரூட்டும் துருவிப் போட்டுக் குடுத்தா நானே நாலு செட்டு தின்பேன். ஆனா நான் அப்பறம் போய்ப் பிட்சிங் போட மாட்டேனே, திண்ணையில படுத்துக்குவேனே. அதை ஜெயிச்சுட்டு வர்ற வழியில வாங்கிக் குடு.

எண்ணறதுக்கு வழி சொல்றேன். உன் அத்தை புளி உரிச்ச கொட்டைய ஒரு கொட்டாங்குச்சியில போட்டு வச்சிருக்கா. எடுத்துக்கிட்டுப் போ. விளையாடாத ஒரு புள்ளைய உக்கார வச்சு, பந்துக்கு ஒரு கொட்டை இந்தக் கொட்டாங்குச்சியிலேர்ந்து அந்தக் கொட்டாங்குச்சிக்கு. வார்ம் அப் பந்தும் சேத்துத்தான். செல்போன்ல ஆப் இருக்குங்கறியா? உன் செல்போன்ல நீ போட்டோ எடுத்துக்கிட்டு இருப்பே. அமெரிக்காவுல பசங்க பேஸ்பால் ஆடற லிட்டில் லீக்ல 2007லேர்ந்து இந்தக் கணக்கு வச்சிருக்காங்க. பதினொண்ணு, பன்னெண்டு வயசுப் பையன் ஒரு நாளைக்கு 85 பந்துக்கு மேல போட்டா, அம்பயர் பாத்துக்கிட்டு இருக்க மாட்டாரு. ஜப்பான்ல பள்ளிக்கூடப் பசங்களுக்கு 2020லேர்ந்து ஒரு வாரத்துக்கு 500 பந்துன்னு கட்டிப்போட்டாங்க. பொம்பளப் புள்ளைங்க ஆட்டத்துக்குத்தான் ரொம்ப நாளா யாரும் கண்டுக்கலை, கீழ இருந்து போடுறதுதானேன்னு, உன்னாட்டமே. இப்ப அமெரிக்க விளையாட்டு டாக்டருங்க ஒரு கணக்குச் சொல்றாங்க. பத்துலேர்ந்து பன்னெண்டு வயசுன்னா ஒரு மேட்ச்சுக்கு 65. பதிமூணு, பதினாலுன்னா ஒரு மேட்ச்சுக்கு 80, ஒரு நாளைக்கு 115. உன் 315ஐப் பக்கத்துல எழுதிப் பாரு. ஒரு நாள்ல மூணு நாள் கூலி வாங்கிட்டே. கூலி அந்தப் புள்ளைக்கும் போவலை.

கொட்டை எண்ணிக்கை நிறையறதுக்கு முன்னாடியே ஒடம்பு சொல்லிரும், பாக்கத் தெரிஞ்சா. வரிசையா ரெண்டு பேர் பேஸுக்கு நடந்து போறாங்களா, பந்து தலைக்கு மேல மேலயே எகிறுதா, ஒவ்வொரு பந்துக்கும் நடுவுல கைய உதறுதா, மண்ணைக் கூட்டிக் கூட்டிக் காலால தள்ளி நேரத்தை ஓட்டுதா, அப்பவே இன்னொரு புள்ளைய ஓரமா வார்ம் அப் பண்ண அனுப்பிடு. ஒரு ஸ்பேர் கேட்சர் முகமூடியோட இருக்கணும், கூட்டம் இல்லாத பக்கமாப் பாத்துப் போடச் சொல்லணும். அந்தப் புள்ளைகிட்டப் போய் "வலிக்குதா"ன்னு மட்டும் கேக்காத. "ஒண்ணுமில்லீங் சார்"னுதான் சொல்லும். வலிக்குதுன்னு சொன்னா உன் மூஞ்சி போற போக்கு அதுக்குத் தெரியும். "எங்க வலிக்குது, காட்டு"ன்னு கேளு. ஒண்ணுமில்லாத புள்ளை முழிக்கும், வலிக்கற புள்ளை கை தானா தோளோட முன்பக்கத்துக்குப் போவும். அது போச்சுன்னா அன்னிக்கு ஆட்டம் போதும்னு எடுத்துடு. அவங்க அப்பன் வந்து "சர்ட்டிபிகேட்டு, கோட்டா, கவருமெண்ட்டு வேலை மூணு சதவீதம்"னு கத்துவான். கத்தட்டும். கை இருந்தாத்தான் சர்ட்டிபிகேட்டு வாங்க முடியும்னு நான் சொன்னேன்னு சொல்லு. எனக்கும் அவனுக்கும் ஏற்கனவே பேச்சுவார்த்தை கிடையாது.

"நம்ம கிரிக்கெட் நடராசன் எப்படிங் மாமா, அவரும் ஊர் ஊராப் போய்ப் போட்டவருதானுங்களே?" இதைக் கேப்பேன்னு தெரியும். தாரமங்கலம் தாண்டிச் சின்னப்பம்பட்டி, எட்டிப் பாத்தாத் தெரியற தூரம். இருவது வயசு வரைக்கும் அந்தப் பையன் டென்னிஸ் பால்தான் போட்டான், கட்டாந்தரையில யார்க்கரு. ரஞ்சியில 2015 சனவரியில ஆடுனான், ஒடனே கை வளையுதுன்னு புகார். அப்ப அவன் என்ன பண்ணுனான், அடுத்த டோர்னமென்ட்டுக்கு ஓடுனானா? கையைப் புதுசாப் பழக்கறதுக்கு உக்காந்துட்டான். 2016ல டி.என்.பி.எல்.ல திரும்ப வந்தான், 2017ல ஐ.பி.எல்.லுக்குப் பஞ்சாப்காரங்க மூணு கோடி குடுத்து எடுத்தாங்க. 2020 கடைசியில ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்துவீச்சாளராப் போன ஆளு, டிசம்பர் 2ஆம் தேதி கான்பராவுல ஒரு நாள் மேட்ச்சு, ரெண்டு நாள் கழிச்சு அங்கயே டி20, 2021 சனவரி 15ல பிரிஸ்பேன்ல டெஸ்ட்டு. ஒரே சுற்றுப்பயணத்துல மூணு வடிவத்துலயும் முதல் ஆட்டம் ஆடுன இந்தியன் அவனுக்கு முன்னாடி எவனும் இல்லை. ஊரே வெடி போட்டுது, நானும் ரெண்டு சரம் போட்டேன். ஏப்ரல்ல முட்டியில ஆபரேசன். இந்தியா டீம்ல டாக்டர் உண்டு, மசாஜ்காரர் உண்டு, யாரு எத்தனை பந்து போட்டாங்கன்னு எழுதி வைக்கவே ஆளு உண்டு. அத்தனை பேரு சுத்தி நின்னும் ஒடம்பு ஒடம்புதான். உன் டீம்ல நீ ஒருத்தன், ஒரு விசில், ஒரு ஐஸ் பெட்டி. அந்தப் பெட்டியில ஐஸ் இருந்துச்சா? கலர் சோடா இருந்துச்சு, எனக்குத் தெரியும், உன் பையன் குடிச்சுட்டு வந்து நாக்கைக் காட்டுனான், ஆரஞ்சு.

நீ தப்பானவன்னு நான் எங்கயாச்சும் சொன்னேனா? பள்ளிக்கூட நேரம் முடிஞ்சு சம்பளமில்லாம அந்தப் புள்ளைங்களுக்குப் பழக்கி விடறே. நம்ம ஊர்ல பொம்பளப் புள்ளை மைதானத்துல ஓடுனாலே நாலு பேரு கேள்வி கேட்டாங்க ஒரு காலத்துல. இப்ப அதுங்க காப்பு கட்டுன கையில கிளவுஸ் மாட்டிக்கிட்டு, கஞ்சமலையப் பாத்து நின்னுக்கிட்டு "கமான் கமான்"னு கத்துதுங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. அதுக்காக உன் டோர்னமென்ட் வரிசைப்படி அதுங்க ஒடம்பு ஓடாது. ஒரே நாள்ல மூணு மேட்ச்சு வைக்கறவன் மைதான வாடகையப் பாத்து வைக்கறான். அவன் அட்டவணை போட்டது மைதானத்துக்கு. புள்ளைங்களுக்கு அட்டவணை நீதான் போடணும்.

போடலாமா? எடு அந்த ஸ்கோர் நோட்டை, பின்னாடி பக்கத்துல எழுது. மாவட்டப் போட்டி முதல் மேட்ச்சு யாரோட? சரி. அதுல தொடங்கறது அந்த உயரமான புள்ளை, போன தடவ அழுதுச்சே, அதுவேதான். மூணு இன்னிங்ஸ். நாலாவதுக்கு அந்தக் கேட்சர் தங்கச்சி, நாடா பாயற வேகத்துல மணிக்கட்டைச் சுண்டுமே, அதைப் போடு. உன் பெரிய புள்ளைய முதல் பேஸ்ல நிறுத்தி வை. ரன் நெருக்குனா மட்டும் கடைசி இன்னிங்ஸ்ல கூப்புடு, நெருக்கலைன்னா கூப்புடவே கூப்புடாத, அது பபுள்கம் மென்னுக்கிட்டு நிக்கட்டும். ரெண்டாவது மேட்ச்சுலயும் அப்படியே, ஆள் மாத்தி. பைனலுக்கு உன் பெரிய புள்ளை புதுக் கையோட வரும். எழுதிட்டியா? கீழ என் கையெழுத்து வேணுமா? வேண்டாமா, சரி.

ஜெயிச்சீன்னா பேப்பர்க்காரன்கிட்ட "எங்க திட்டம்"னு சொல்லிக்க, நான் வாயே திறக்க மாட்டேன். தோத்தீன்னா நேரா தலைமையாசிரியர்கிட்டப் போய், "இளம்பிள்ளையில என் மாமன் ஒருத்தன் இருக்கான், அவன் பேச்சைக் கேட்டுக் கெட்டேனுங்க"ன்னு சொல்லு. என் பேர் ஊர்ல ஏற்கனவே கெட்டுத்தான் கெடக்கு, இதுவும் சேந்து போவட்டும். இப்ப எந்திரி, அத்தை காப்பி வச்சிருக்கா. அந்தக் கோப்பைய எடுத்துக்கிட்டுப் போ, இல்லாட்டி அவ அதுல அரிசி அளக்க ஆரம்பிச்சுருவா.